பாடசாலை விட்ட பிறகு: எமது பிள்ளைகளும் விளையாட்டும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிறைவு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழா என்றால் பழம்பெருமை பேசுவது வழக்கம். அதைப் பேசத் தகுதியான மூத்தவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். எனவே சங்கத்தின் சார்பில் நாம் எடுத்துக்கொண்டது ஒரு சிறிய விடயம். பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை மணி அடித்த பிறகு எமது பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் மைதானத்தில் நிற்கிறார்கள்? ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இந்த விடயத்தில் ஒரே நிலைதானா? இவைதான் எமது கேள்விகள். கேள்வி சிறியதுதான். ஆனால் எமது சங்கம் நூற்றாண்டு நிதியை எதற்குச் செலவிடப் போகிறது என்பது இதற்கு நாம் சொல்லும் பதிலில் தங்கியிருக்கிறது.

முதலில் பின்னேர விளையாட்டு என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நேரசூசியில் இருக்கும் உடற்கல்விப் பாடம் வேறு. முதலாம் தவணையில் நடக்கும் இல்ல மெய்வல்லுநர் போட்டியும் வேறு. இல்லப் போட்டிக்கு முன்னைய சில வாரங்கள் கல்லூரி முழுவதும் கொடியும் சோடனையும் அணிநடையுமாக இருக்கும். போட்டி முடிந்து கூடாரம் கழற்றியதும் மைதானம் வெறுமையாகிவிடும். நாம் பேசுவது அதற்குப் பிறகு வரும் சாதாரண செவ்வாய்க்கிழமையையும் வியாழக்கிழமையையும் பற்றி. எந்தப் போட்டியும் இல்லாத நாளில், எந்தக் கிண்ணமும் கண்ணுக்குத் தெரியாத நாளில், ஒரு பிள்ளை சப்பாத்தைக் கட்டிக்கொண்டு பயிற்சிக்கு வருகிறாளா என்பதைப் பற்றி.

எமது மண்ணில் பிள்ளைகளின் விளையாட்டுக்குக் குறைவிருந்ததில்லை. ஆனால் அந்தப் பழைய விளையாட்டுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆண் பிள்ளைகளுக்குக் கிட்டிப்புள், கிளித்தட்டு, சித்திரை வருடப்பிறப்புக்குப் போர்த்தேங்காய். இவையெல்லாம் தெருவிலும் வெறும் வளவிலும் கோயில் வீதியிலும் நடப்பவை. பெண் பிள்ளைகளுக்குக் கொக்கான், எட்டுக்கோடு, பல்லாங்குழி. இவை திண்ணையிலும் முற்றத்திலும் முடிந்துவிடும். தாயின் குரல் கேட்கும் தூரம்தான் பெண் பிள்ளையின் மைதானம்.

பின்னர் பாடசாலைகள் வழியாக ஆங்கிலேயரின் விளையாட்டுகள் வந்தன. அவற்றிலும் இந்த அளவுக் கணக்கு மாறவில்லை. பெண்கள் பாடசாலைகளின் விளையாட்டென்று இன்றும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வலைப்பந்தாட்டம். அது 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் கொண்ட களம். ஓர் உதைபந்தாட்ட மைதானத்துக்குள் அப்படிப்பட்ட பல களங்களை அடக்கலாம். பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கக்கூடாது, தனக்குரிய பகுதியை விட்டு வெளியே போகக்கூடாது. வலைப்பந்தாட்டத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கட்டுப்பாடுகளுக்குள்ளேதான் அதன் வேகமும் கூர்மையும் இருக்கின்றன என்பதை விளையாடியவர்கள் அறிவார்கள். நாம் சொல்வது ஒன்றே ஒன்று. பெண் பிள்ளைக்கு எவ்வளவு இடம் போதும் என்பதை யாரோ ஒருவர் எப்போதும் அளந்து கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். ஓர் ஆண் பிள்ளைக்குப் பாடசாலை மைதானம் இல்லாவிட்டாலும் விளையாட்டு உண்டு. அவனுடைய ஊரில் ஒரு விளையாட்டுக் கழகம் இருக்கும். பின்னேரம் ஐந்து மணிக்குக் கரப்பந்தாட்ட வலை கட்டியிருக்கும். கரப்பந்தாட்டம் எமது நாட்டின் தேசிய விளையாட்டு. எங்கள் ஊர்களில் அது பெரும்பாலும் ஆண்களின் விளையாட்டு. அறுவடை முடிந்த வயலில் தென்னை மட்டையை வெட்டித் துடுப்பாக்கி ஆடுவான். கழகத்து அண்ணைமார் அவனைப் பந்து பொறுக்கவாவது சேர்த்துக்கொள்வார்கள். இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தாலும் ஒரு பேச்சோடு முடிந்துவிடும்.

ஒரு பெண் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்க் கழகத்தில் அவளுக்கு இடம் கிடைப்பது அரிது. வயலில் ஆட முடியாது. ஒழுங்கையில் பந்தடித்தால் நாலுபேர் நின்று பார்ப்பார்கள். அவளுக்கு இருக்கும் ஒரே மைதானம் பாடசாலை மைதானம். அந்த மைதானத்தின் கேற் இரண்டு மணிக்குப் பூட்டப்பட்டால் அவளுடைய விளையாட்டு அன்றைக்கு முடிந்தது. பாடசாலையை விட்டு விலகும்போது அவளுடைய விளையாட்டு வாழ்நாளுக்கே முடிந்தது. பின்னேர விளையாட்டைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லோரும் முதலில் மனதில் கொள்ளவேண்டியது இதைத்தான். பாடசாலையின் பின்னேர மைதானம் ஆண் பிள்ளைக்குப் பல வாசல்களில் ஒன்று. பெண் பிள்ளைக்கு அது ஒன்றேதான்.

அந்த ஒரு வாசலாலும் பிள்ளைகள் ஏன் வராமல் போகிறார்கள்?

தரம் ஆறில் சேர்ந்த பிள்ளைகளைப் பார்த்தால் எல்லோரும் ஓடுவார்கள். ரீச்சர் விசில் ஊதியதும் முந்தியடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். தரம் எட்டுக்கு வரும்போது வரிசை குறையும். தரம் பத்துக்கு வரும்போது வலைப்பந்தாட்ட அணிக்கு ஏழு பேரைச் சேர்ப்பதே சில பாடசாலைகளில் பெரும்பாடு. இடையில் நடந்தது என்ன என்பது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை பெரியபிள்ளையாகிறாள். சாமத்தியவீடு நடக்கிறது. அதற்குப் பிறகு வீட்டில் கேட்கும் வார்த்தைகள் மாறிவிடுகின்றன. "பொழுதுபடப் போகுது, இன்னும் வரேல்லை." "வெயிலுக்கை நிண்டு கறுத்துப் போனாய்." "உந்த உடுப்போடை ரோட்டாலை வாறியே?" எந்தத் தாயும் தீய நோக்கத்தோடு இவற்றைச் சொல்வதில்லை. தன் தாய் தனக்குச் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாள். ஆனால் அதே வயதில் அந்த வீட்டு ஆண் பிள்ளைக்கு மீசை அரும்பும்போது, "இனி நல்லாய் விளையாடலாம்" என்று தகப்பன் புதுத் துடுப்பு வாங்கிக் கொடுக்கிறார். உடல் வளர்வது ஒருவனுக்கு அனுமதிச்சீட்டாகவும் மற்றவளுக்குத் தடையாகவும் ஆகிவிடுகிறது.

இதோடு வெளியே சொல்லாத காரணங்களும் உண்டு. மாதவிடாய் நாட்களில் பயிற்சிக்கு வரத் தயங்கும் பிள்ளை, காரணத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு அணியை விட்டே நின்றுவிடுகிறாள். உடை மாற்ற ஒரு மறைவான அறை இல்லை. தண்ணீர் வரும், கதவு பூட்டும் கழிவறை இல்லை. பயிற்சி ஐந்து மணிக்கு முடிந்தால் கடைசிப் பஸ் போய்விடும். சைக்கிளில் போவதென்றால் தனியே போக வேண்டும். போகும் வழியில் ஒரு சந்தியில் நிற்பவர்களின் வாய்க்குப் பயந்து சுற்றிப் போக வேண்டும். இவற்றில் ஒன்றுகூட அந்தப் பிள்ளையின் திறமையோடு சம்பந்தப்பட்டதல்ல. ஆனால் நாம் என்ன சொல்கிறோம்? "இந்தக் காலத்துப் பெட்டையளுக்கு விளையாட்டிலை ஆர்வம் இல்லை" என்கிறோம்.

ஆண் பிள்ளைகள் எல்லோரும் மைதானத்தில் நிற்கிறார்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. யாழ்ப்பாணத்தில் வடக்கின் பெருஞ்சமர் 1904 முதலும் பொன் அணிகளின் போர் 1917 முதலும் ஆடப்பட்டு வருகின்றன. அந்த நாட்களில் ஆயிரக்கணக்கில் பழைய மாணவர்கள் கூடுவார்கள், பாண்ட் வாத்தியம் முழங்கும். ஆனால் களத்தில் ஆடுவது இருபத்திரண்டு பேர். மற்றப் பிள்ளைகள் கொடி பிடிக்கிறார்கள். முதல் பதினொருவருக்குள் வராத பையனுக்கு, பொதுவாகக் கூச்சமுள்ள பையனுக்கு, கொஞ்சம் பருமனான பையனுக்கு, எங்கள் பாடசாலைகளில் விளையாட்டு என்று ஒன்று கிடையாது. புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதுக்கு முன்னரே தொடங்கும் ரியூசன், ஆண் பெண் என்று பார்ப்பதில்லை. பின்னேரத்தை இருவரிடமிருந்தும் அது பறிக்கிறது. பறித்த பிறகு மிஞ்சுவதைக் கைத்தொலைபேசி எடுத்துக்கொள்கிறது.

இது எமது ஊருக்கு மட்டும் உரிய கதையுமல்ல. பிள்ளைகளும் இளையோரும் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது உடல் நன்றாக அசையும்படி இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 146 நாடுகளின் 2016ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் ஒரு கணிப்பை வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயதுவரையான பிள்ளைகளில் 100க்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் 78 பேர்; பெண் பிள்ளைகளில் 85 பேர். இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இடைவெளி இருக்கிறது என்பது ஓர் உண்மை. இரு பாலாரும் பின்தங்கியிருக்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய உண்மை. ஆகவே ஆண்களிடமிருந்து எடுத்துப் பெண்களுக்குக் கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. இருவருக்கும் அந்தப் பின்னேரத்தைத் திருப்பிக் கொடுங்கள், பெண் பிள்ளைக்கு அதை எட்டுவதற்கு வழியையும் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்கிறோம்.

பெண்ணின் உடம்புக்கு விளையாட்டு ஆகாது என்ற பேச்சு எமது பாட்டிமார் மட்டும் பேசியதல்ல, உலகமே பேசியது. 1896இல் ஏதென்ஸில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக்கில் பெண்கள் இல்லை. 1900இல் பாரிஸில் சிலரை அனுமதித்தார்கள். ஓட்டப் போட்டிகளில் பெண்கள் கலந்துகொள்ள 1928 ஆம்ஸ்டர்டாம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே 800 மீற்றர் ஓட்டத்தை முடித்த பெண்கள் களைத்துப்போனதைப் பத்திரிகைகள் ஊதிப் பெருப்பித்து எழுத, அந்த ஓட்டத்தையே பெண்களுக்கு நிறுத்திவிட்டார்கள். 1960இல்தான் அது மீண்டும் வந்தது. பெண்களுக்கான மரதன் 1984இல்தான் வந்தது. ஓடி முடித்த ஆண் புல்லில் விழுந்து மூச்சு வாங்கினால் அது வீரம். பெண் விழுந்தால் அது பலவீனம் என்று கணித்த காலம் அது. அந்தக் கணிப்பு முழுவதும் போய்விட்டதென்று சொல்ல முடியாது.

எமது நாட்டுக்கு வருவோம். 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளிப்பதக்கம் வென்றார். அதற்குப் பிறகு இலங்கை 52 வருடங்கள் காத்திருந்தது. காத்திருப்பை முடித்து வைத்தவர் ஒரு கிராமத்துப் பெண். 2000இல் சிட்னியில் 200 மீற்றர் ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்க வெண்கலம் வென்றார். முதலிடம் பெற்றவர் ஊக்கமருந்து காரணமாகப் பதக்கத்தை இழந்தபோது அது வெள்ளியானது. 2017 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகச் சமரி அத்தபத்து ஆட்டமிழக்காமல் 178 ஓட்டங்கள் எடுத்தார். அவருடைய தலைமையில் 2024 யூலையில் தம்புள்ளையில் இந்தியாவை வென்று எமது பெண்கள் ஆசியக் கிண்ணத்தைத் தூக்கினார்கள்.

வடக்கிலும் இல்லாமலில்லை. ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 208 சென்ரிமீற்றர். சிறுவயதில் கேலிக்கு ஆளான அந்த உயரம், வலைப்பந்தாட்டக் களத்தில் நாட்டின் பலமானது. 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கை ஆசியச் சம்பியனானபோது அவர் அணியில் இருந்தார். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவி அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தார். அதே கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணியைத் தெரியாத விளையாட்டு ஆர்வலர் வடக்கில் இருக்க மாட்டார். மகாஜனா ஒரு கலவன் பாடசாலை என்பதைக் கவனியுங்கள். கலவன் பாடசாலைகளில் மைதானம் பையன்களுக்கு, மூலையில் ஒரு வலைப்பந்தாட்டக் களம் பெண்களுக்கு என்று பாகம் பிரிப்பதுதான் பொதுவான வழக்கம். அந்த வழக்கத்தை மாற்றி, பெண் பிள்ளையைப் பெரிய மைதானத்தின் நடுவில் இறக்கினால் அவள் ஆடுவாள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள் பலர் இருக்கிறீர்கள். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார், எழுபது வயதைக் கடந்த பிறகு, 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்று திரும்பினார். நாரி பிடிக்கிறது, முழங்கால் நோகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும் எமக்கெல்லாம் அது ஒரு செல்லக் குட்டு.

ஆனால் பதக்கம் வென்றவர்களின் பெயர்களைச் சொல்லி முடித்துவிட்டால் நாம் சொல்ல வந்தது பிழையாகிப் போகும். ஆயிரம் பிள்ளைகளில் ஒருத்திதான் மாகாண மட்டத்தையோ தேசிய மட்டத்தையோ எட்டுவாள். மற்றவர்களுக்கு விளையாட்டு என்ன தருகிறது?

உடம்பைத் தருகிறது. எலும்பின் வலிமையில் பெரும்பகுதி பதின்ம வயதில்தான் சேர்கிறது. துள்ளலும் ஓட்டமும் அதைச் சேர்க்க உதவுகின்றன. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு மெலியத் தொடங்கும்போது செலவழிப்பது அந்தச் சேமிப்பைத்தான். நீரிழிவும் உயர்குருதி அமுக்கமும் இல்லாத வீடு எமது சமூகத்தில் எத்தனை? அந்த நோய்களைத் தள்ளிப்போடும் பழக்கம் பதின்மூன்று வயதில் படிவது இலகு. ஐம்பத்து மூன்றில் வைத்தியர் சொல்லித் தொடங்குவது கடினம்.

தோல்வியைத் தாங்கப் பழக்குகிறது. எமது பிள்ளைகளுக்குத் தோல்வி என்றால் பரீட்சைப் பெறுபேறு ஒன்றுதான். அது வந்தால் வீடே இடிந்துவிடும். வாரம் ஒருமுறை தோற்று, எதிரணியோடு கைகுலுக்கி, தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த கிழமைக்குத் தயாராகும் பிள்ளைக்குத் தோல்வி உலக முடிவல்ல என்பது தெரியும். தன் குரலை உயர்த்தி, "பந்தைத் தா" என்று கேட்கப் பழகிய பெண், பிற்காலத்தில் அலுவலகத்திலும் வீட்டிலும் தனக்குரியதைக் கேட்கத் தயங்க மாட்டாள்.

நட்பைத் தருகிறது. இந்த மண்டபத்திலேயே பாருங்கள். ஒரே வகுப்பில் படித்தவர்கள் ஒன்றாக இருக்கிறார்கள். வேறு வேறு வகுப்பில், வேறு வேறு ஊரில் இருந்து வந்தும் இன்றுவரை ஒருவரையொருவர் தேடி வந்து கட்டிப்பிடிப்பவர்கள், பெரும்பாலும் ஒரே இல்லத்துக்காக ஓடியவர்களோ ஒரே அணியில் ஆடியவர்களோதான்.

"இதெல்லாம் சரி, படிப்பு என்ன ஆகும்?" என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்பது நியாயம். இடப்பெயர்வும் இழப்பும் கண்ட சமூகம் நாம். வீடும் வளவும் போனபோது கையில் இருந்த சான்றிதழ் ஒன்றுதான் பலரைக் கரையேற்றியது. கல்வியை நாம் பிடித்துக்கொண்டிருப்பதில் குற்றமில்லை. நாம் கேட்பது வாரத்தில் இரண்டு பின்னேரங்கள், மொத்தமாக நாலு மணித்தியாலம். அதை இழந்ததால் மருத்துவபீடத்தை இழந்த பிள்ளை இருக்க மாட்டாள். விளையாட்டில் மிகச் சிறந்து விளங்குவோருக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு ஒன்றும் உண்டு. அதைக் கூடப் பல பெற்றோர் அறிந்திருப்பதில்லை.

பெற்றோரின் இன்னொரு பயத்தையும் நாம் ஒதுக்கித் தள்ளக் கூடாது. பிள்ளையோடு யார் நிற்கிறார்கள், பயிற்றுநர் யார், தூர இடத்துக்குப் போட்டிக்குப் போனால் எங்கே தங்குவார்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்விகளைக் கேட்கும் தாய் பழமைவாதி அல்ல, பொறுப்புள்ளவள். பயிற்சி நேரம் முழுவதும் ஓர் ஆசிரியை மைதானத்தில் இருப்பார், பயிற்றுநரோடு பிள்ளை தனியே விடப்படமாட்டாள், பயணத்துக்குப் பெண் பொறுப்பாசிரியர் கூடப் போவார் என்று பாடசாலை எழுத்தில் சொன்னால் பாதித் தாய்மாரின் தயக்கம் அன்றே போய்விடும். காயங்களும் அப்படித்தான். பாய்ந்து தரையிறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் முழங்கால் சவ்வு கிழியும் ஆபத்து பெண்களுக்குக் கூடுதல் என்பது மருத்துவம் அறிந்த விடயம். அதற்கு மருந்து விளையாடாமல் விடுவதல்ல. சரியாகத் தரையிறங்கச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த பயிற்றுநரை வைப்பது.

இனி எமது சங்கத்தின் வேலைக்கு வருகிறோம். நூற்றாண்டின் நினைவாக என்ன செய்யலாம் என்று பல கிளைகளிலிருந்து யோசனைகள் வந்திருக்கின்றன. அலங்கார வளைவு ஒன்று, மின்னியல் புள்ளிப் பலகை ஒன்று, புதிய சுழற்கிண்ணங்கள். எல்லாம் அன்போடு சொல்லப்பட்டவை. ஆனால் வளைவின் கீழ் நடந்து வருவதற்கும் பலகையில் புள்ளி ஏறுவதற்கும் முதலில் பிள்ளைகள் வேண்டும். ஆகவே சங்கத்தின் முன் நாம் ஐந்து வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, வாகனம். செவ்வாயும் வியாழனும் பயிற்சி முடிந்ததும் தூர இடத்துப் பிள்ளைகளை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட ஒரு வானும், நம்பிக்கையான ஒரு சாரதியும், கூடப் போக ஒரு பெண்ணும். வாங்க வேண்டியதில்லை, வாடகைக்கு ஒழுங்கு செய்தாலே போதும். இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் மைதானத்தில் மாற்றம் தெரியும்.

இரண்டாவது, ஓர் அறை. உடை மாற்ற, முகம் கழுவ, தேவையானபோது அணையாடை எடுத்துக்கொள்ள, கதவு பூட்டக்கூடிய, தண்ணீர் வரும் ஓர் அறை. அதன் வாசலில் எமது சங்கத்தின் பெயரை எழுதினாலும் எழுதாவிட்டாலும் சரி.

மூன்றாவது, பயிற்றுநர். முடிந்தவரை பெண். எமது பழைய மாணவிகளிலேயே மாகாண மட்டத்தில் விளையாடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பயிற்றுநர் கற்கைநெறிக்கு அனுப்பி, நியாயமான கொடுப்பனவு கொடுத்து அழைத்து வருவோம். இலவசமாகச் செய் என்று ஒரு பெண்ணிடம் கேட்பது எமக்கெல்லாம் மிக இலகுவாக வருகிறது; அந்தப் பழக்கத்தை இங்கே விட்டுவிடுவோம்.

நாலாவது, இரண்டாம் அணியும் மூன்றாம் அணியும். தெரிவில் விழுந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாத ஒரு பின்னேரம். விரும்பியவர்களுக்கு எல்லே, பூப்பந்தாட்டம், மேசைப்பந்தாட்டம், அல்லது சும்மா நாலு சுற்று ஓடிவிட்டுப் போகட்டும். அருகிலுள்ள ஆண்கள் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்களோடும் இதைப் பேசுவோம். கொடி பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பையன்களுக்கும் இது தேவை.

ஐந்தாவது, தாய்மார். பெற்றோர் கூட்டத்தில் புள்ளிப் பட்டியலைக் கொடுக்கும் அதே நாளில் தாய்மாரை மைதானத்துக்கு அழைத்து, மகள் விளையாடுவதை அரைமணி நேரம் பார்க்க வைப்போம். முடிந்தால் தாய்மாருக்கும் ஒரு பந்தைக் கொடுப்போம். தன் கையால் ஒருமுறை வளையத்துக்குள் பந்து போட்ட தாய், அடுத்த நாள் மகளை "வெயிலுக்கை போகாதை" என்று தடுப்பது கொஞ்சம் கடினம்.

கடல் கடந்து வாழும் எமது சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் நீங்கள், பனியிலும் மழையிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நீச்சலுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் கொண்டுபோய், முடியும்வரை காருக்குள் காத்திருக்கிறீர்கள். பிள்ளை விளையாடுவதற்குப் பின்னால் ஒரு வாகனமும் ஒரு காத்திருப்பும் வேண்டும் என்பது எங்கள் எல்லோரையும்விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் பிள்ளைக்கு நீங்கள் செய்வதை, கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு, அவளுடைய தாயிடம் கார் இல்லை என்ற காரணத்தால், எமது சங்கம் செய்ய வேண்டும் என்றுதான் கேட்கிறோம். வருடாந்த ஒன்றுகூடலில் சேரும் பணத்தை அனுப்பும்போது, "பின்னேர விளையாட்டுக்கு" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

இங்கே சீருடையில் இருக்கும் தங்கைமாருக்கு நாம் அறிவுரை சொல்லப் போவதில்லை. உங்களில் ஓடத் தெரிந்தவர்களும் இருப்பீர்கள், ஓடத் தெரியாதவர்களும் இருப்பீர்கள். இரு சாராரும் வரலாம். வருகிற தவணை தொடங்கும்போது செவ்வாய்க்கிழமை இரண்டரை மணிக்கு மைதானத்தின் கேற் திறந்திருக்கும், ரீச்சர் ஒருவர் நிற்பார், நாலரை மணிக்கு வான் வந்து நிற்கும். இதற்கான தீர்மானத்தை இன்று பிற்பகல் பொதுச்சபையில் முன்வைக்கிறோம். அக்காமார் எல்லோரும் கை உயர்த்த வேண்டும் என்று கேட்கிறோம்.